தேய்வு சொல்லும் தொழில்

1991 செப்டம்பரில், ஆஸ்திரியாவும் இத்தாலியும் சந்திக்கும் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில், ஏறக்குறைய 3,200 மீட்டர் உயரத்தில், உருகிய பனிக்குள்ளிருந்து ஒரு மனித உடல் வெளிப்பட்டது. அந்த மனிதன் இறந்து சுமார் 5,300 ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று 'ஓட்சி' என்று உலகம் அறியும் அவனோடு அவன் சுமந்து வந்த சாமான்களும் கிடைத்தன. செம்புக் கோடரி, வில், அம்புக்கூடு, மரப்பிடி போட்ட சிறு கல் கத்தி ஆகியவற்றுக்குப் பார்த்த மாத்திரத்திலேயே பெயர் சொல்லிவிடலாம். ஒன்று மட்டும் அப்படி இல்லை. சுமார் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள லிண்டன் மரக் குச்சி அது. ஒரு முனை பென்சிலைப்போலக் கூம்பாகச் சீவப்பட்டிருந்தது. நடுத்தண்டில் மான்கொம்பு முள் ஒன்று செருகப்பட்டு, அதன் நுனி சில மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரிந்தது. எழுத்தே அறியாத ஒரு சமூகத்து மனிதனிடம் பென்சிலுக்கு என்ன வேலை? அதே போன்ற குச்சியைச் செய்து சிக்கிமுக்கிக் கல்லின் விளிம்பில் அழுத்திப் பார்த்தபோது விடை கிடைத்தது. மழுங்கிய கல் கத்தியின் விளிம்பைச் சிறு சிறு சில்லாகப் பெயர்த்து மறுபடி கூராக்கும் கருவி அது. கொம்பு தேய்ந்தால் மரத்தைச் சற்றுச் சீவிவிட வேண்டும். புதிய கொம்பு வெளியே வரும். பென்சில் என்ற முதல் எண்ணம் முழுப் பிழையும் அல்ல. தேயத் தேயச் சீவிக்கொள்ளும் அமைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் அந்த ஒற்றுமையை உருவத்தைப் பார்த்த கண் கண்டுபிடிக்கவில்லை, வேலை செய்து பார்த்த கைதான் கண்டுபிடித்தது.

பழைய கைக்கருவி ஒன்றை அடையாளம் காண முயல்பவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, 'இது எதைப்போல் இருக்கிறது?' என்பதுதான். இயல்பான கேள்வி, ஆனால் அதுவே பல பிழைகளுக்கு வித்து. உருவ ஒப்புமை நமக்குத் தெரிந்த பொருள்களின் பட்டியலைத் தாண்டிப் போகாது, வழக்கொழிந்த கருவியோ அந்தப் பட்டியலில் இல்லாததால்தான் புதிராகவே இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இதில் எந்த இடம் தேய்ந்திருக்கிறது? எந்த அசைவில் தேய்ந்தது? எதனோடு உரசித் தேய்ந்தது? கொத்தனார் கையில் காய்ப்பு விழும் இடமும் தையற்காரர் கையில் காய்ப்பு விழும் இடமும் ஒன்றல்ல. கையைப் பார்த்தே தொழிலை ஊகிக்கலாம். கருவிக்கும் அப்படியொரு காய்ப்பு உண்டு. பெயர் என்பது இந்த விசாரணையின் முடிவில் வர வேண்டியது. அதை முதலிலேயே வைத்துவிட்டால், பின்னால் வரும் சான்றுகள் எல்லாம் அந்தப் பெயருக்குச் சாட்சி சொல்லும்படி வளைக்கப்படும்.

பெயர் முந்திக்கொண்டதற்கு நல்ல எடுத்துக்காட்டு, ஐரோப்பியப் பழங்கற்காலக் குகைகளில் கிடைக்கும் துளையிட்ட கொம்புத் துண்டுகள். 19-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இவற்றுக்கு 'ஆணைக்கோல்' என்று பெயரிட்டார்கள். பல துண்டுகளில் அழகிய செதுக்கு வேலை இருந்தது. அழகானது அன்றாட வேலைக்கு உரியதாக இராது, தலைவனின் கையில்தான் இருந்திருக்கும் என்ற எண்ணமே அந்தப் பெயருக்குள் ஒளிந்திருந்தது. பிறகு அம்பை நிமிர்த்தும் கருவி, ஈட்டி எறியும் துணைக்கருவி, மந்திரக்கோல் என்று விளக்கங்கள் பெருகின. 2015-இல் தெற்கு ஜெர்மனியின் ஹோலே ஃபெல்ஸ் குகையில், சுமார் 40,000 ஆண்டுப் பழமையான 20.4 சென்டிமீட்டர் நீள மாமூத் தந்தத் துண்டு ஒன்று கிடைத்தது. அதில் வரிசையாக நான்கு துளைகள், ஒவ்வொரு துளையின் உட்சுவரிலும் திருகுச் சுற்றாக வெட்டிய ஆழமான பள்ளங்கள். அகழாய்வை நடத்திய நிக்கோலஸ் கோனார்டும், பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெர்லே ரோட்ஸும் துளைகளின் தேய்வையும் ஒட்டியிருந்த நுண்ணெச்சங்களையும் ஆராய்ந்து, மாதிரிகள் செய்து பார்த்தார்கள். சம்பு என்னும் நீர்நிலைக் கோரையின் நாரைப் புரிபுரியாக அந்தத் துளைகளில் கோத்து இழுத்தபோது, நான்கைந்து பேர் சேர்ந்து பத்து நிமிடத்தில் ஐந்து மீட்டர் அளவுக்கு உறுதியான கயிறு திரிக்க முடிந்தது. 2024-இல் இந்த முடிவுகள் வெளியாயின. அலங்காரமாகத் தெரிந்த திருகுப் பள்ளங்கள்தாம் புரியைப் பிடித்து முறுக்கேற்றும் உறுப்பு. ஒருவனது அதிகாரத்தின் சின்னம் என்று முத்திரை குத்தப்பட்ட ஓர் இனத்தில், பலர் கூடி உழைத்ததன் சாட்சி ஒளிந்திருந்தது. ஆணைக்கோல்கள் எல்லாமே கயிறு திரித்தவை என்று இதனால் ஆகிவிடாது. ஒற்றைத் துளைக் கொம்புகளுக்குத் தனி விசாரணை வேண்டும். ஒரே பெயரின் கீழ் பல கருவிகளைக் குவித்ததுதான் முதல் பிழை.

தமிழகத்துக்கு மிக நெருக்கமான ஒரு பெயரிலும் இதே சிக்கல் உண்டு. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்துக்குச் சென்றார்கள். அங்கே சாந்தி பப்பு குழுவினர் நடத்திய அகழாய்வு, அக்கருவிகளின் காலத்தைச் சுமார் 15 லட்சம் ஆண்டுக்கு முன் கொண்டுபோய் வைத்ததை 2011-இல் உலகம் அறிந்தது. இவ்வகைக் கருவியை நாம் கைக்கோடரி என்கிறோம். கோடரி என்றதும் மரம் வெட்டுவது நினைவுக்கு வரும். ஆனால் இதற்குக் காம்பு இல்லை. பிடிக்க வேண்டிய பக்கமும் பல கருவிகளில் கூராகவே இருக்கிறது. ஓங்கி வெட்டினால் முதலில் கிழிவது உள்ளங்கைதான். இங்கிலாந்தின் பாக்ஸ்குரோவில், ஏறக்குறைய 5 லட்சம் ஆண்டுக்கு முற்பட்ட கைக்கோடரிகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது, விளிம்பில் தெரிந்தது இறைச்சி அறுத்த தேய்வு. அதை உறுதிப்படுத்த, தொழில்முறை இறைச்சி வெட்டுபவர் ஒருவரிடம் புதிதாகச் செய்த கைக்கோடரிகளைக் கொடுத்து மான் உடலைக் கூறுபோடச் செய்தார்கள். அந்த விளிம்புகளிலும் அதே வகைத் தேய்வு விழுந்தது. தான்சானியாவின் பெனின்ஜில் கிடைத்த சில கைக்கோடரிகளில் அகேசியா இனத் தாவர நுண்துகள்கள் காணப்பட்டு, அவை மரவேலையின் தடயமாக வாசிக்கப்பட்டன. ஆக, ஓரிடத்தில் கத்தி, இன்னோரிடத்தில் மரம் செதுக்கும் கருவி. 'கோடரி' என்ற சொல் இந்த இரண்டையும் சேர்த்து மறைத்து நிற்கிறது.

தேய்வைப் படிக்கும் கலைக்கு முறையான அடித்தளம் போட்டவர் சோவியத் ஆய்வாளர் செர்கெய் செமியோனவ். லெனின்கிராடில் அவர் நடத்திய ஆய்வுகள் 1957-இல் ரஷ்ய மொழியில் நூலாக வந்தன. 1964-இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளியானது. அவர் சொன்ன அடிப்படை எளியது. வேலை செய்யும் விளிம்பில் விழும் நுண்கீறல்கள் கை அசைந்த திசையிலேயே ஓடும். அறுக்கும் கருவியில் அவை விளிம்புக்கு இணையாக இருக்கும். சுரண்டும் கருவியில் குறுக்காக இருக்கும். துளையிடும் கருவியில் நுனியைச் சுற்றி வட்டமிடும். கீறலோடு மெருகும் சேர்ந்துகொள்ளும். தானியத் தாளை அறுத்த கல் விளிம்பில், தாளிலுள்ள சிலிக்காவின் காரணமாக, வெறுங்கண்ணுக்கே தெரியும் பளபளப்பு ஏறிவிடும். மேற்காசியாவின் பழைய கல் அரிவாள் அலகுகள் பலவற்றை அடையாளம் காட்டிக் கொடுத்தது இந்த மெருகுதான். நாணலை அறுத்தாலும் கல்லில் மெருகு ஏறும் என்பதால், பளபளப்பைக் கண்டவுடன் வேளாண்மை என்று முடிவு கட்டிவிட முடியாது. மெருகின் பரப்பும் கீறல்களின் தன்மையும் நுண்ணோக்கியில் ஒப்பிடப்பட வேண்டும். இப்படிப் பொறுமையாகப் படித்தால் வெறும் பெயர் தராத செய்திகளும் கிடைக்கின்றன. ஓட்சியின் கற்கருவிகளைப் பற்றி 2018-இல் வெளியான ஆய்வு, அவன் வலக்கைப் பழக்கமுள்ளவன் என்று சொன்னது. அவனுடைய கருவிகள் திரும்பத் திரும்பக் கூர்தீட்டப்பட்டுக் குறுகி, ஆயுள் முடியும் நிலையில் இருந்தன. புதிய கல் அவனுக்குக் கிடைத்துச் சில காலம் ஆகியிருந்தது. 'கல் கத்தி' என்ற பெயருக்குள் இந்த நெருக்கடி எதுவும் இல்லை.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழுகிறது. தேய்வைப் படிப்பதும் ஒருவர் கண்ணை நம்பித்தானே நடக்கிறது? கண் ஏமாறாதா? இந்தக் கேள்வியைத் துறைக்குள் இருந்தவர்களே சோதித்தார்கள். 1977-இல் வெளியான ஒரு சோதனையில் மார்க் நியூகமர் கற்கருவிகளைச் செய்து, பயன்படுத்தி, எதற்கு என்று சொல்லாமல் லாரன்ஸ் கீலியிடம் கொடுத்தார். பயன்பட்ட 16 விளிம்புகளில் எந்த இடம் பயன்பட்டது என்பதை 14-இல் கீலி சரியாகச் சொன்னார். எந்த அசைவு என்பதை 12-இல். எந்தப் பொருளின் மேல் என்பதை 10-இல். 1986-இல் நியூகமரும் வேறு சிலரும் செய்த சோதனைகளில், மெருகை மட்டும் வைத்துப் பொருளைச் சொல்வது இன்னும் ஐயத்துக்குரியதானது. இதை முறையின் தோல்வி என்று வாசிப்பவர்கள் உண்டு. ஆனால் 14, 12, 10 என்ற அந்த இறங்குவரிசையைக் கவனிக்க வேண்டும். இடம் பெரும்பாலும் உறுதி, அசைவு ஓரளவு உறுதி, உரசிய பொருள் அதைவிடக் குறைந்த உறுதி. எந்தப் படியில் எவ்வளவு நம்பலாம் என்று தனக்குத் தானே அளவுகோல் வைத்துக்கொண்ட முறை இது. உருவத்தைப் பார்த்துப் பெயரிட்டவர்கள் தங்கள் ஊகத்தை இப்படியொரு கண்கட்டுச் சோதனைக்கு உட்படுத்தியதே இல்லை. தவிர, மெருகின் குறையை நுண்ணெச்சமும் செய்துபார்க்கும் சோதனையும் ஈடுகட்ட முடியும். ஒற்றைச் சாட்சியை நம்பித் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை.

கருவியே கிடைக்காதபோதும் இந்த வழி உதவுகிறது என்பதுதான் இதன் வலிமைக்குச் சிறந்த சான்று. பல் மருத்துவத் துறையைச் சேர்ந்த லெனார்ட் கோரலிக், ஜான் குவின்னெட் இருவரும் பண்டைய கல்மணிகளின் துளைகளை ஆராய்ந்தார்கள். பல்லுக்கு அச்செடுக்கும் பசையைப் போன்ற சிலிகோன் பொருளைத் துளைக்குள் செலுத்தி, உட்சுவரின் அச்சை வெளியே எடுத்து, மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கல் முனை விட்ட தடம் ஒருவிதம், அரைக்கும் பொடியோடு சுழன்ற உலோக முனை விட்ட தடம் ஒருவிதம், வைர முனை விட்ட ஒழுங்கான, கூர்மையான வட்டக் கோடுகள் இன்னொரு விதம். மன்னார்க் கரையின் பழம்பெரும் துறைமுகமான மாந்தையின் மணிகளில், கி.பி. 700-க்கும் 1000-க்கும் இடைப்பட்ட காலத்தில், வைரத் துரப்பணம் பயன்பட்டதை அவர்கள் இப்படித்தான் நிறுவினார்கள். துரப்பணத்தின் நுனியில் பதிக்கும் வைரச் சில்லு கடுகைவிடச் சிறியது. மண்ணைச் சலித்தாலும் அகப்படுவது அரிது. ஆனால் அது துளைத்துப் போன பாதை கல்லுக்குள் அப்படியே இருக்கிறது. அந்தப் பாதையை வாசிக்க உதவிய ஒப்புமை அருங்காட்சியகத்தில் இல்லை, வேலைத்தலத்தில் இருந்தது. குஜராத்தின் காம்பேயில் சூதுபவள மணி செய்யும் கைவினைஞர்கள், நுனியில் இரு வைரச் சில்லுகள் பதித்த துரப்பணத்தை வில்லால் சுழற்றி இன்றும் துளையிடுகிறார்கள். ஜொனாதன் மார்க் கெனோயரைப் போன்ற ஆய்வாளர்கள் அவர்களோடு உட்கார்ந்து அந்தத் தொழிலைப் படித்துத்தான் சிந்துவெளி மணித்தொழிலை விளங்கிக்கொண்டார்கள்.

வாழும் கைவினைஞரைச் சாட்சிக்கு அழைப்பதிலும் ஒரு மறுப்பு உண்டு. இன்றைய தொழிலை நேற்றைய கருவியின் மேல் ஏற்றிப் பார்ப்பது காலமயக்கம் அல்லவா? இதற்கு விடையாக ஃபிரான்ஸின் தென்மேற்கில் கிடைத்த எலும்புத் துண்டுகளைப் பார்க்கலாம். சுமார் 50,000 ஆண்டுக்கு முன் நியாண்டர்தால் மக்கள் வாழ்ந்த இரு இடங்களில், நுனி மழுங்கி வழவழப்பான விலாஎலும்புத் துண்டுகளை மாரி சொரெஸ்ஸி, ஷனன் மெக்ஃபெரன் குழுவினர் கண்டார்கள், 2013-இல் அறிவித்தார்கள். இன்றும் தோல் வேலை செய்பவர்கள் இதே வடிவக் கருவியால் தோலைத் தேய்த்து வழவழப்பாக்குவது அடையாளம் காண வழிகாட்டியது. ஆய்வு அதோடு நின்றிருந்தால் மறுப்பாளர் பக்கம் நியாயம் இருந்திருக்கும். நுனியின் நுண்தேய்வும் தோலைப் போன்ற மென்பொருளோடு உரசியதற்குப் பொருந்தியது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தக் கருவிகளைப் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கலங்களின் உட்சுவரில் ஒட்டிய புரதத்தைச் சேகரித்து, கருவியைத் தொடாமலேயே எந்த விலங்கின் எலும்பு என்று பார்த்தது. அந்த இடங்களில் மிகுதியாகக் கிடைத்தவை கலைமான் எலும்புகள். கருவிகளோ காட்டெருமை போன்ற பெரிய மாட்டினத்தின் விலாஎலும்பில் செய்தவை. கையில் அகப்பட்ட எலும்பை எடுக்காமல், அகன்று உறுதியான விலாவைத் தேடி எடுத்திருக்கிறார்கள். தோலை அழுத்தித் தேய்க்கும் வேலைக்கு வேண்டியதும் அதுதான். கைவினைஞரின் அறிவு இங்கே தீர்ப்பு வழங்கவில்லை. எங்கே தேட வேண்டும் என்று திசை காட்டியது. தேடிய இடத்தில் தடயம் கிடைக்காமல் போயிருந்தால் அந்த ஊகத்தைக் கைவிட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு செய்துபார்க்கும் சோதனையைப் பற்றியது. ஒரு கருவியால் ஒரு வேலையைச் செய்ய முடியும் என்பதாலேயே அது அந்த வேலைக்குத்தான் செய்யப்பட்டது என்று ஆகுமா? ஆகாது. இதற்கு ரோமானியப் பன்னிருமுகியைவிட நல்ல பாடம் இல்லை. செம்புக் கலவையில் வார்த்த, உள்ளே வெற்றிடமுள்ள பொருள் அது. பன்னிரண்டு ஐங்கோண முகங்கள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவில் ஒரு வட்டத் துளை, இருபது மூலைகளிலும் சிறு குமிழ்கள். 18-ஆம் நூற்றாண்டிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவை கிடைத்திருக்கின்றன. 2023-இல் இங்கிலாந்தின் நார்ட்டன் டிஸ்னியில் முழுமையான ஒன்று வெளிவந்தது. ரோமப் பேரரசின் வடமேற்கு மாகாணங்களில்தான் இவை கிடைக்கின்றன. ரோமானிய எழுத்துகளில் இவற்றைப் பற்றிய குறிப்பு இல்லை. ஒருவர் இதில் நூலைச் சுற்றிக் கையுறை விரல் பின்னிக் காட்டினார். இன்னொருவர் தொலைவை அளக்கலாம் என்றார். மெழுகுவத்தித் தாங்கி என்பாரும் உண்டு. எல்லாம் செய்ய முடிந்தவைதாம். ஆனால் நூல் உரசிய தேய்வு குமிழ்களில் இல்லை. அளக்கும் கருவிக்கு வேண்டிய நிலையான அளவும் இல்லை, ஒன்றுக்கொன்று அளவு மாறுகிறது. நார்ட்டன் டிஸ்னியில் கிடைத்ததிலும் வேலை செய்த தேய்வு தென்படவில்லை. கயிறு திரித்த தந்தத் துண்டில் சோதனையும் தேய்வும் ஒரே இடத்தில் சந்தித்தன. பன்னிருமுகியில் சோதனை மட்டும் தனியே நிற்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்ட முடிவதுதான் ஒரு முறைக்கு வேண்டிய தகுதி. எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவியை எந்தப் பூட்டுக்காரரும் நம்பமாட்டார். பன்னிருமுகி கைக்கருவியே அல்ல என்ற முடிவை நோக்கித்தான் தேய்வின்மை நம்மைத் தள்ளுகிறது. அதற்கு மேல் ஒரு பெயர் சூட்டாமல் நிறுத்திக்கொள்வதும் அடையாளம் காண்பதன் ஒரு பகுதியே.

இந்த வாதம் சரியென்றால் நடைமுறையில் இரண்டு கடமைகள் பிறக்கின்றன. முதலாவது, துலக்குவதை நிறுத்துவது. பழைய பொருள் கைக்கு வந்ததும் புளி போட்டு விளக்குவதும், துருவைச் சுரண்டி எண்ணெய் பூசுவதும், கழன்ற காம்புக்குப் பதில் புதுக் காம்பு போடுவதும் அக்கறையோடு செய்யப்படுபவைதாம். ஆனால் அந்த அக்கறை அழிப்பது கருவியின் வாக்குமூலத்தை. பெட்டியின் உட்சுவரில் ஒட்டிய புரதமே பேசியிருக்கும்போது, கருவியின் விளிம்பில் உறைந்த பிசினும் காம்பில் படிந்த கைப்பிடித் தேய்வும் எவ்வளவு பேசும்? இரண்டாவது, தொழில் செய்யும் கைகள் இருக்கும்போதே அவற்றின் அசைவைப் பதிவு செய்வது. பனையேறி பாளையை நசுக்கப் பயன்படுத்தும் மரக் கடிப்பை எடுத்துக்கொள்வோம். பனங்காட்டையும் பதநீரையும் அறியாத ஒருவர் கையில் அது கிடைத்தால் அடுப்பங்கரை இடுக்கி என்பார், அல்லது ஏதோ ஆயுதம் என்பார். உள்பக்கத்தில் மட்டும் ஏறியிருக்கும் மெருகும் பாளைச் சாற்றின் கறையும் அவரைத் திருத்தக்கூடும். ஆனால் பாளையை எந்த அளவுக்கு நசுக்குவது, எத்தனை நாள், எந்தப் பருவத்தில் என்பதை மரம் ஏறியவரிடம் கேட்டால்தான் தெரியும். ஓட்சியின் குச்சிக்கு விடை காணக் கல்லைச் சில்லெடுக்கும் வித்தையை ஒருவர் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கடிப்புக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறார்கள்.